மலைவீட்டு மரங்கள்: பார்ப்பது, ஆள் அமர்த்துவது, பராமரிப்பது – முழுமையான வழிகாட்டி

“கூலி வேண்டாம், மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்” என்று வாசலில் வந்து கேட்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் காற்றும் மழையும் கெடுத்த வீட்டு மரங்களைவிட, இந்த ஒப்பந்தம் கெடுத்த மரங்களே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். வெட்டுபவருக்கு விறகும் தடியுமே சம்பளம் என்றால், தடித்த, ஆரோக்கியமான கிளைதான் அவர் கண்ணில் முதலில் படும். உளுத்துப்போய் உங்கள் ஓட்டின் மேல் விழக் காத்திருக்கும் கிளையால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. அது மரத்திலேயே நிற்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பேசிய பேச்சு அப்படி.

எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்ற முடிவை வீட்டுக்காரர் எடுத்துவிட்டு, அதன் பிறகு ஆளைத் தேட வேண்டும். மரத்தைப் பார்ப்பது, அனுமதி வாங்குவது, ஆள் அமர்த்துவது, வேலை நாள், பின்பராமரிப்பு என்ற வரிசையிலேயே போவோம்.

முதல் படி: மரத்தை அறிவது

மலைவீட்டுத் தோட்டங்களில் நிற்கும் பெரிய மரங்களில் பெரும்பாலானவை வெளியூர் மரங்கள். கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் 1843-இல் நீலகிரிக்கு வந்தது. சீகை என்று பேசப்படும் வாட்டிலும் சில்வர் ஓக்கும் அதே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவைதான். ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. அதை அறியாமல் எல்லா மரத்துக்கும் ஒரே அரிவாளை நீட்டுவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

கற்பூர மரம் கனத்த கிளைகளை உதிர்க்கும். தலையை வெட்டினால் பட்டைக்கு அடியிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்விடும். பார்ப்பதற்குச் செழிப்பாக இருக்கும். ஆனால் அந்தப் புதுக்கிளைகள் மரத்தின் உள்கட்டையோடு ஆழமாகப் பிணையாமல் மேலோட்டமாக ஒட்டி நிற்பவை. சில ஆண்டுகளில் தொடையளவு பருத்ததும் காற்றில் பிய்ந்து விழுகின்றன. ஆபத்தைக் குறைக்கத் தலை வெட்டியவர், ஆபத்தைத் தள்ளிப் போட்டுப் பெருக்கியிருக்கிறார். சீகைக்கு ஆயுள் குறைவு, வேரும் மேலாக ஓடும். ஈரமான சரிவில் வேர்த்தட்டோடு அப்படியே சாயும். வயதான சீகை வீட்டுக்கு மேல்புறச் சரிவில் நின்றால் அதைக் கவாத்து செய்வதில், அதாவது கிளைகளை மட்டும் கழிப்பதில், பயனில்லை. அகற்றுவதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். சைப்ரஸும் பைனும் கற்பூர மரத்துக்கு நேர்மாறு. பச்சை இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அந்த இடத்தில் மீண்டும் துளிர்க்காது. வேலியாக வளர்த்த சைப்ரஸை ஒருமுறை ஆழமாக மழித்துவிட்டால் அந்தப் பக்கம் கடைசிவரை மொட்டையாகவே நிற்கும்.

சில்வர் ஓக் கதை வேறு. தேயிலைத் தோட்டங்களில் நிழல் மரமாக நிற்கும் அதன் கிளைகளைப் பருவமழைக்கு முன்னால் கழிப்பது வழக்கம். செடிக்கு வெளிச்சம் வேண்டும், மழைக்காலத்தில் இலை விரைவில் காய வேண்டும் என்பதற்காகச் செய்வது அது. அதே கைகள்தான் நம் வீட்டுக்கும் வருகின்றன. தோட்டத்தில் பழகியபடி, பக்கக் கிளைகளையெல்லாம் கீழிருந்து மேலாகக் கழித்து, உச்சியில் ஒரு கொண்டையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். தேயிலைக்கு நடுவே அது சரி. வீட்டருகே, கொண்டை மட்டும் உள்ள உயர்ந்த மரத்தில் காற்றின் விசை முழுவதும் உச்சியில் பிடிக்கிறது. நடுவில் ஆட்டத்தைத் தணிக்கக் கிளையே இருப்பதில்லை. மலைப்பாதையில் போகும்போது கவனித்தால், இப்படிக் கொண்டை விட்ட மரங்கள் காற்றில் எவ்வளவு வளைகின்றன என்று தெரியும்.

இனி உங்கள் மரத்தைச் சுற்றி வாருங்கள். முதலில் தள்ளி நின்று முழு உருவத்தைப் பாருங்கள். சாய்ந்து நிற்கும் மரமெல்லாம் ஆபத்தானதல்ல. சிறு வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் மேலே போகப் போக நிமிர்ந்து வளைந்திருக்கும். அடியிலிருந்து நுனிவரை ஒரே நேர்கோட்டில் சாய்ந்திருந்தால் அது புதிய சாய்வு. அதோடு, சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்திருந்தாலோ உப்பியிருந்தாலோ தாமதிக்க நேரமில்லை. அந்தப் பக்க அறையில் படுப்பதை அன்றே நிறுத்துங்கள்.

பிறகு அருகில் வாருங்கள். அடிமரத்திலோ வேர்முண்டிலோ தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா? மரச்சுத்தியலால் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் பொந்து ஒலி கேட்கிறதா? இரண்டு தண்டுகள் குறுகிய ‘வி’ வடிவத்தில் பிரியும் இடத்தில், பட்டை உள்ளே மடிந்து போயிருக்கிறதா? காய்ந்த கிளைகள் எத்தனை, அவற்றின் நேர்க்கீழே என்ன இருக்கிறது? கடைசிக் கேள்வி முக்கியம். யாரும் நடமாடாத மூலையில் நிற்கும் பொந்து மரம் ஆந்தைக்கும் அணிலுக்கும் வீடு, அதை விட்டுவிடலாம்.

பட்டையில் படர்ந்த பாசியையும் மரப்பாசியையும் நோய் என்று நினைத்துச் சுரண்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் மூடுபனிக்கு அவை வளரத்தான் செய்யும், மரத்துக்குத் தீங்கில்லை. ஆர்க்கிட் செடிகளும் அப்படியே. புல்லுருவி மட்டும் உண்மையான எதிரி. அதைப் பிய்த்தால் போகாது. அது ஒட்டியிருக்கும் கிளையையும் சேர்த்து, ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே வெட்ட வேண்டும்.

பார்த்ததை ஒரு தாளில் எழுதுங்கள், கைப்பேசியில் படமெடுங்கள். எந்தக் கிளை போக வேண்டும் என்பதைப் படத்தில் குறியுங்கள். இந்தத் தாள்தான் பின்னால் அலுவலகத்திலும், வேலைக்காரரிடம் பேசும்போதும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: அனுமதி

சமவெளியிலிருந்து வந்து மலையில் வீடு வாங்குபவர்கள் தடுமாறும் இடம் இது. “என் பட்டா நிலம், என் மரம்” என்ற வாதம் இங்கே செல்லாது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் மரங்கள் பாதுகாப்புச் சட்டம், மலைப்பகுதியில் உரிய குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி மரத்தை வெட்டுவதைத் தடுக்கிறது. மண் சரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வந்த சட்டம் அது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய மலை இது என்பதை நினைத்தால், அந்தச் சட்டத்தின் மேல் கோபம் வராது.

தாலுகா அலுவலகத்திலோ வனச்சரக அலுவலகத்திலோ கேட்டு, விண்ணப்பத்தை முறைப்படி கொடுங்கள். பட்டா நகல், மரத்தின் வகை, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளந்த சுற்றளவு, வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் உள்ள தூரம், நான்கு பக்கப் படங்கள், அகற்ற வேண்டிய காரணம் ஆகியவற்றை இணைத்தால், அதிகாரிகள் நேரில் பார்க்க வரும்போது வேலை சுலபமாகும். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய தடியை வண்டியில் ஏற்றி வெளியே அனுப்பப் போகிறீர்கள் என்றால் அதைக் கொண்டுசெல்வதற்கான வனத்துறையின் அனுமதிச் சீட்டு பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். சந்தனமோ, கூடலூர்ப் பக்கம் ஈட்டியோ நின்றால், வனத்துறையைக் கேட்காமல் ஒரு கிளையைக்கூடத் தொடாதீர்கள்.

அனுமதிக்கு அலைய மனமில்லாமல் சிலர் அடிமரத்தில் பட்டையை வளையமாக உரித்தும், துளையிட்டு அமிலம் ஊற்றியும் மரத்தைக் கொல்லப் பார்க்கிறார்கள். இதைவிட முட்டாள்தனமான காரியம் இல்லை. நின்றபடி செத்த மரம் எப்போது, எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் ஏறவும் அனுபவசாலிகள் சம்மதிக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: ஆளை அமர்த்துவது

மலையில் இந்த வேலைக்குப் பெயர்ப்பலகை வைத்த நிறுவனங்கள் குறைவு. ஒரு மேஸ்திரி, மரம் ஏறுபவர் ஒருவர், பவர் சா இயக்குபவர், கீழே கயிறு பிடிக்க இருவர் மூவர் என்பதுதான் வழக்கமான குழு. நல்ல குழுவைக் கண்டுபிடிக்க, அவர்கள் முன்பு வேலை செய்த மரங்களை நேரில் போய்ப் பார்ப்பதே சிறந்த வழி. மூன்று ஆண்டுகளுக்கு முன் வெட்டிய மரமாக இருந்தால் இன்னும் நல்லது. வெட்டிய காயத்தைச் சுற்றிப் புதுப்பட்டை வளையமாக மூடி வருகிறதா, ஒட்ட வெட்டாமல் விட்ட முளைக்குச்சி நீட்டிக்கொண்டு உளுத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு காயம் சொல்லும் உண்மை, பத்துப் பேரின் பரிந்துரையில் இருக்காது.

மேஸ்திரியை மரத்தடிக்கு அழைத்துவந்து, “அண்ணா, இந்த மரத்தில் எதையெல்லாம் விடுவீர்கள்?” என்று கேளுங்கள். எதை வெட்டுவீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்குத் தயாரான பதில் இருக்கும். எதை விடுவது என்று கேட்டால்தான் மரத்தைப் பார்த்துப் பேசுகிறாரா, விறகைப் பார்த்துப் பேசுகிறாரா என்பது புரியும். நிதானமாக அண்ணாந்து பார்த்து, இந்தக் கிளை இருந்தால்தான் அந்தப் பக்கம் எடை நிற்கும் என்று விளக்குபவர் கிடைத்தால், கூலி சற்றுக் கூடுதலானாலும் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அவர்களின் பாதுகாப்பு. ஏறுபவருக்கு இடுப்பு வாரும் தனிப் பாதுகாப்புக் கயிறும் இருக்கின்றனவா? தலைக்கவசம் உண்டா? இரும்பு முள் கட்டிய காலணியோடு ஏறுவாரா? முழுதாக அகற்றப் போகும் மரத்தில் அப்படி ஏறலாம். வாழப்போகும் மரத்தில் ஒவ்வொரு முள்ளும் ஒரு காயம். விபத்துக் காப்பீடு பற்றித் தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலான எவரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு 20 ரூபாயில் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். அந்தத் தொகை போதாதுதான். ஆனாலும் நம் மரத்தில் உயிரைப் பணயம் வைத்து ஏறுபவர் அதில்கூடச் சேராமல் இருப்பதை நாம் ஏற்கக் கூடாது. முன்பணம் கொடுக்கும்போது வங்கிக்குப் போகச் சொல்லுங்கள், முடிந்தால் கூடவே போங்கள்.

கூலியை நாள்கணக்கில் பேசுவதைவிட வேலைக்கணக்கில் பேசுவது நல்லது. மூடுபனி இறங்கினால் வேலையை நிறுத்தும் நிதானம் இரு தரப்புக்கும் இருக்கும். எந்தக் கிளைகள், எவ்வளவு உயரம், தடியைத் துண்டு போடுவது யார், தழையை அள்ளுவது யார், ஓடு உடைந்தால் யார் பொறுப்பு, விறகு யாருக்கு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். விறகை அவர்களுக்கே கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் வேலை முடிந்த பிறகு, கூலிக்கு மேல் கொடுங்கள், கூலியில் கழிக்காதீர்கள். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

எந்த மாதம்? உதகை, குந்தா, கூடலூர்ப் பகுதிகளில் தென்மேற்குப் பருவக்காற்று ஜூனிலேயே அடிக்கத் தொடங்கிவிடும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர் முதல் வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய சோதனை. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கே இருந்தாலும் பெரிய வேலைகளை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிப்பது நல்லது. மண் உலர்ந்திருக்கும், வெட்டுக்காயமும் உலரும். ஏப்ரல், மே சுற்றுலாக் காலத்தில் சாலையை மறித்து மரம் இறக்குவது எல்லோருக்கும் தொல்லை. வேலைக்கு முந்தின நாள் மரத்தில் கூடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். குஞ்சு இருக்கும் கூட்டுக்காக இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுவதில் ஒன்றும் குறைந்துவிடாது. மலைத்தேனீ அடை இருந்தால் அது பறந்து போகும் வரை பவர் சாவின் சத்தமே கூடாது.

நான்காம் படி: வேலை நாள்

மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளோடு வேலையைப் பொருத்தினால் வசதி. ஆனால் விளக்கு எரியவில்லை என்பதை நம்பி யாரையும் ஏற்றாதீர்கள். அந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்பதை மின்ஊழியர் வந்து உறுதி செய்ய வேண்டும்.

காலையிலேயே தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் தெரிய மாட்டார். முழு மரத்தைச் சாய்ப்பதானால் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேலையாட்களைத் தவிர ஒருவரும் இருக்கக் கூடாது. வீட்டை ஒட்டிய மரத்தைச் சாய்க்கவே வேண்டாம். உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும்.

கிளை வெட்டும் முறையில் சமரசம் செய்யாதீர்கள். கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால், அது சரியும்போது அடிமரத்தின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு போகும். மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து இரண்டாம் வெட்டு. கிளை அங்கே சுத்தமாக முறிந்து இறங்கும். மிஞ்சிய முளையை எடுப்பது மூன்றாம் வெட்டு. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் பருத்து வளையம்போல் ஒரு கழுத்து தெரியும். அந்தக் கழுத்துக்கு வெளியே, அதைத் தொடாமல் வெட்ட வேண்டும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது. அடிமரத்தோடு மழுங்க வெட்டினால் கழுத்து போய்விடும். முளைக்குச்சி விட்டால் அழுகல் அதன் வழியாக உள்ளே இறங்கும்.

ஒரே ஆண்டில் பச்சையில் கால்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வயதான மரமென்றால் அதைவிடக் குறைவு. வெட்டிய இடத்தில் தாரும் பெயின்டும் பூசத் தேவையில்லை. மரம் காயத்தை உள்ளிருந்து தடுப்புச் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்ளும். பூச்சுக்கு அடியில் ஈரம் தங்கினால் அழுகலுக்கே வசதி.

அடிக்கட்டையை என்ன செய்வது? சமதளமென்றால் தோண்டி எடுக்கலாம். சரிவில் நின்ற மரத்தின் கட்டையையும் வேரையும் தொடாதீர்கள். அந்த வேர்கள்தான் இன்னும் சில ஆண்டுகளுக்கு மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். அவை மக்குவதற்குள் பக்கத்தில் புதிய மரம் வேர்விட வேண்டும். நீலகிரியில் பொக்லைன் இயந்திரத்தை இறக்கவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: நிற்கும் மரத்தின் பராமரிப்பு

மரத்தை மெதுவாகக் கொல்வது பெரும்பாலும் கட்டட வேலைதான். வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, கிளைப் பரப்பைத் தாண்டியும் ஓடுகிறது. தடுப்புச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பக்க வேர்கள் முழுவதும் அறுபடுகின்றன. வீடு கட்டி முடித்து, கிரகப்பிரவேசமும் ஆகி, இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து மரம் சாயும்போது யாரும் அந்தப் பள்ளத்தை நினைப்பதில்லை. தோண்டியே ஆக வேண்டுமென்றால் மரத்திலிருந்து தள்ளித் தோண்டுங்கள். கார் நிறுத்த அடிமரம் வரை சிமென்ட் போடாதீர்கள். தோண்டிய மண்ணை அடிமரத்தில் குவிக்காதீர்கள். துணிக்கொடிக் கம்பியை மரத்தைச் சுற்றிக் கட்டினால் பட்டை அதை விழுங்கி, உள்ளே சாறோட்டம் நெரிபடும்.

காய்ந்த தழையை மரத்தடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள்; அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஆனால் கற்பூர மரத்தின் உரிந்த பட்டையும் இலையும் பிப்ரவரி, மார்ச்சில் தீப்பற்றக்கூடியவை. வீட்டருகே அவற்றைச் சேரவிடாதீர்கள்.

பழ மரங்களுக்கு வேறு கணக்கு. பேரி, ப்ளம்ஸ், பீச் ஆகியவை இலை உதிர்த்து உறங்கும் டிசம்பர், ஜனவரியில், மொட்டு வீங்குவதற்கு முன் கவாத்து செய்யுங்கள். பேரியும் ப்ளம்ஸும் குட்டையான முண்டுக் கிளைகளில் பல ஆண்டு காய்க்கும். அவற்றைத் தேவையற்ற குச்சி என்று கழித்துவிட்டால் காயே இருக்காது. பீச் முந்தின ஆண்டுத் தளிரில் காய்ப்பதால் ஆண்டுதோறும் புதுத்தளிர் வரும்படி வெட்ட வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வளரும் பட்டர் ஃப்ரூட்டுக்குக் கத்தரியைவிட வடிகால்தான் முக்கியம். தண்ணீர் தேங்கினால் வேரழுகல் வந்து, நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும்.

ஆறாம் படி: புயலுக்குப் பிறகு

மரம் விழுந்துவிட்டால் முதலில் கம்பியைப் பாருங்கள். மரத்தின் மேல் கம்பி கிடந்தால் அதன் பக்கமே போகாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குத் தெரிவியுங்கள். சாலை மறிப்புக்கும் சரிவுக்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, உயிராபத்துக்கு 112. வளைந்து அழுந்திக் கிடக்கும் தண்டில் அரிவாள் வைக்காதீர்கள். இழுவிசையில் இருக்கும் கட்டை வெட்டியதும் எகிறி அடிக்கும். ஒடிந்து தொங்கும் கிளைக்கு அடியில் நின்று படமெடுப்பதும் வேண்டாம்.

ஏழாம் படி: வெட்டிய இடத்தில் நடுவது

ஒரு மரத்தை அகற்றினால் இந்த மலையின் சொந்த மரமொன்றை நடுங்கள். சோலைக்காட்டு நாவல் வகைகள், காட்டுச் செண்பகம், விக்கி, உயரமான இடங்களில் செம்பூப் பூக்கும் காட்டுப்பூவரசு, வேலியோரத்துக்குத் தவிட்டுப்பழம் எல்லாம் பொருந்தும். வனத்துறை நாற்றங்கால்களில் விசாரியுங்கள். மெதுவாகத்தான் வளரும், சில்வர் ஓக்கின் வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். முதல் மழை மண்ணில் இறங்கிய பிறகு நட்டால் வேர்பிடிக்க முழுப் பருவமும் கிடைக்கும். சுவரிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டராவது தள்ளி, நிமிர்ந்து பார்த்து மேலே கம்பி இல்லாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். பையில் சுருண்ட வேரைப் பிரித்துவிட்டு, வேரும் தண்டும் சேரும் வேர்க்கழுத்து மண்மட்டத்தில் இருக்கும்படி நடுங்கள். ஆதரவுக் குச்சியைத் தளர்வாகக் கட்டி, ஓராண்டில் எடுத்துவிடுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும். காட்டுமாடு வரும் இடமென்றால் கூண்டு வேண்டும். உதகைப் பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி கருக்காதிருக்க, மாலையில் சாக்கோ காய்ந்த புல்லோ போர்த்தி, வெயில் ஏறியதும் எடுங்கள். முதல் இரண்டு கோடைகளில், மார்ச்சிலும் ஏப்ரலிலும், வாரம் இருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.